ஐந்து மெகாவாட்டும் மூன்று கிலோமீட்டரும்

அனல் மின்நிலையம் வேண்டாம் என்கிறார்கள், அணு உலை வேண்டாம் என்கிறார்கள், பெரிய அணைகளும் வேண்டாம் என்கிறார்கள். அதையெல்லாம் ஒப்புக்கொண்டு, ஒரு மலையோடையின் குறுக்கே சின்னதாக ஒரு தடுப்பணை கட்டி ஐந்து மெகாவாட் எடுத்துக்கொள்கிறோம் என்று போனால், அதற்கும் ஊர் கூடிச் சாலையை மறிக்கிறார்கள் என்றால், இவர்களுக்கு என்னதான் வேண்டும்? சென்ற கோடையில் மயிலாப்பூரில் நடந்த ஒரு கூட்டத்தில், இமாச்சலப் பிரதேசத்துச் சிற்றாறுகளைப் பற்றிய உரை முடிந்ததும், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்து இப்படிக் கேட்டார். அரங்கில் பாதிப் பேர் கைதட்டினார்கள். பேச்சாளர் மலை மக்களுக்கும் நதிக்கும் உள்ள உறவைப் பற்றி உருக்கமாக ஏதோ சொன்னார். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது கைதட்டாதவர்களுக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே பட்டது. எண்ணூர்ப் பக்கம் சாம்பல் கழிவைப் பார்த்தவர்களுக்கு, கரி எரிக்காமல் கிடைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் பெரிதாகத்தான் தெரியும். நீர்மின் திட்டத்தின் மீது நமக்கு இருக்கும் பழைய கோபம், ஊர்களை மூழ்கடிப்பதையும் மக்களை இடம்பெயர்ப்பதையும் பற்றியது. இந்தச் சிறு திட்டங்களில் எந்த ஊரும் மூழ்குவதில்லை. பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. ஓடுகிற தண்ணீரைக் கொஞ்ச தூரம் திருப்பி, டர்பைனைச் சுற்றவிட்டு, மீண்டும் அதே ஓடையில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு சொட்டுக்கூடக் குறைவதில்லை என்று விளம்பரப் பிரசுரங்கள் சொல்வதும் பொய்யில்லை. அப்படியிருக்க, எதை இழப்பதாக நினைத்து அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள் என்ற கேள்வி மனத்தில் உட்கார்ந்துகொண்டது.

சம்பா மாவட்டத்தின் சால் பள்ளத்தாக்கில் ஹுல் என்றோர் ஓடை இருக்கிறது. அங்கே திட்டமிடப்பட்ட நிலையத்தின் திறன் 4.5 மெகாவாட். அதை எதிர்த்து அந்தப் பள்ளத்தாக்கு ஊர்கள் பல ஆண்டுகள் விடாமல் நின்றன. உத்தராகண்டின் டெஹ்ரி மாவட்டத்தில், பிலங்கனா ஆற்றில் 22.5 மெகாவாட் திட்டத்துக்கு எதிராகப் பலேண்டா ஊர்ப் பெண்கள் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். மூளைச்சலவை, அந்நியப் பணம், அரசியல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் ஹிந்தி பேசும் இமயமலைக்காரரும் மலையாளம் பேசும் காடர் பழங்குடியினரும் ஐரோப்பாவின் பால்கன் மலைவாசியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பதிலைச் சொல்லும்போது, அந்தப் பதிலில் கருத்தைத் தாண்டிய ஒரு பௌதிகக் காரணம் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கம்

கேள்வி கேட்டவரையே தேடிப் போனேன். நங்கநல்லூரில் அவர் வீடு. குந்தாவிலும் பிறகு பாபநாசத்திலும் வேலை பார்த்தவர். 1932இல் தொடங்கிய பைகாராவைப் பற்றிச் சொந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறார். நான் வந்த நோக்கத்தைச் சொன்னதும், "வாங்க, சண்டை போடத்தானே வந்தீங்க, காபி சாப்பிட்டுட்டுப் போடலாம்" என்றார். பிறகு மேசை மேலிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகை உறையைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் எழுத ஆரம்பித்தார்.

வினாடிக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர், நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் ஆகும் இழப்பு போக, ஏறத்தாழ 830 கிலோவாட் கிடைக்கும். நீர்மின்சாரத்தில் இதற்கு மேல் ரகசியம் எதுவும் இல்லை என்றார் அவர். தண்ணீரின் அளவு ஒன்று, விழும் உயரம் இன்னொன்று. ஒன்று குறைந்தால் மற்றதைக் கூட்டியாக வேண்டும். ஐந்து மெகாவாட் வேண்டும், உயரம் 200 மீட்டர் கிடைக்கிறது என்றால், வினாடிக்கு மூவாயிரம் லிட்டர் தேவை. சரி, அந்த 200 மீட்டர் எங்கிருந்து வருகிறது? சிறு திட்டத்தில் உயரமான அணை கிடையாது. அந்த உயரத்தை ஓடையே தன் ஓட்டத்தில் இறங்கித்தான் கொடுக்க வேண்டும். இறங்குவதற்கு அதற்குத் தூரம் வேண்டும்.

உறையின் மேல் வளைந்து நெளிந்து ஒரு கோடு போட்டார், அதுதான் ஓடை. கோட்டின் மேல்முனையில் ஒரு குறுக்குவெட்டு, தடுப்பணை. அங்கிருந்து தண்ணீர் ஓடையை விட்டு விலகி, மலைச்சரிவை ஒட்டிக் கிட்டத்தட்ட மட்டமாகவே ஒரு கால்வாயிலோ சுரங்கத்திலோ போகிறது. சரிவின் உச்சியில் ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து ஓர் இரும்புக் குழாய், அவர் பென்ஸ்டாக் என்று எழுதி அடிக்கோடிட்டார், நேராகக் கீழே இறங்கி மின்நிலையத்துக்குள் நுழைகிறது. அங்கே டர்பைனைச் சுற்றிவிட்டு, தண்ணீர் மறுபடி ஓடையில் சேர்கிறது. படம் சுத்தமாக இருந்தது. நாற்பது வருடம் வரைந்து பழகிய கை.

தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே வளைந்து கிடந்த பழைய கோட்டைக் காட்டி, இந்த இடத்தில் ஓடையில் என்ன இருக்கும் என்று கேட்டேன்.

"மழைக்காலத்தில் தண்ணீர் வழிஞ்சு வரும்."

"மற்ற மாதங்களில்?"

"விதிப்படி கொஞ்சம் விடணும்." பென்சிலை உறையின் மேல் வைத்தார். "இது எவ்வளவு தூரம்னு கேக்கறீங்க, இல்லையா? இருநூறு மீட்டர் இறங்கணும்னா மூணு கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர் இருக்கும். அங்கே தண்ணி இருக்காது. இருந்தா, அதைக் குழாய்க்குள்ளே விடாம வீணாக்கறோம்னு எங்க கணக்கில் அர்த்தம்."

நான் தேடிக்கொண்டிருந்தது இந்த வாக்கியத்தைத்தான். அதை ஒரு போராட்டக்காரர் சொல்லியிருந்தால் நான் பாதியளவுக்குத்தான் நம்பியிருப்பேன். தண்ணீர் கடைசியில் ஓடைக்குத்தான் திரும்புகிறது, ஒரு சொட்டும் குறைவதில்லை. ஆனால் மூன்று கிலோமீட்டருக்குக் கீழே திரும்புகிறது. அந்த மூன்று கிலோமீட்டர் ஓரத்தில் யாரும் குடியில்லை என்றால் பேச்சே இல்லை. ஆனால் மலையில் ஊர்கள் ஓடையை ஒட்டித்தானே உட்கார்ந்திருக்கின்றன. இமாச்சலத்தில் கூல் என்ற பாசன வாய்க்கால்கள் ஓடையின் இடையிடையே கிளம்பிப் படிக்கட்டு வயல்களுக்குப் போகின்றன. கராட் என்ற மாவுத் திரிகைகளைச் சுழற்றுவதும் அதே ஓட்டம்தான். அந்தத் திரிகையும் ஒரு டர்பைன்தான், அதுவும் பல தலைமுறைகளாகச் சுழல்வது.

மின்நிலையத்தின் வாசலில் நின்று அளந்தால் ஐந்து மெகாவாட் மிகச் சிறியது. எண்ணூரிலும் நெய்வேலியிலும் எரிவதோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே இல்லை. நடுவில் கிடக்கும் ஊரில் நின்று அளந்தால், கோடையில் ஓடையின் தண்ணீரில் பத்தில் எட்டுப் பங்கோ ஒன்பது பங்கோ போய்விட்டது என்பதுதான் அளவு. ஓடை எவ்வளவு சிறியதோ, அவ்வளவு முழுமையாக அதைக் குழாய்க்குள் அடைத்துவிட முடியும். காவிரியை யாராலும் ஒரு பென்ஸ்டாக்குக்குள் நுழைக்க முடியாது.

பட்டியலில் இல்லாதவர்கள்

பெரிய அணைகளின் வரலாறு கொடுமையானதுதான் என்றாலும், மூழ்கிய வீட்டைக் காட்ட முடிகிறது, மூழ்கிய நிலத்தை ஏக்கரில் சொல்ல முடிகிறது. இழப்பீடு ஒழுங்காகக் கிடைத்ததோ இல்லையோ, பாதிக்கப்பட்டோர் என்று ஒரு பட்டியலாவது இருக்கிறது. சிறு திட்டத்தில் கையகப்படுத்தும் நிலம் சில ஏக்கர்தான். தடுப்பணைக்குக் கொஞ்சம், கால்வாய்க்குக் கொஞ்சம், நிலையத்துக்குக் கொஞ்சம். பட்டியலில் ஏழெட்டுக் குடும்பங்கள் வரும். வயலுக்குத் தண்ணீர் குறைந்தவர், திரிகை நின்றவர், மீன் பிடிக்க முடியாதவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இடம் தேடுகிறவர் எவரும் அதில் வரமாட்டார்கள், ஏனென்றால் அவர்களிடமிருந்து எதையும் யாரும் எடுக்கவில்லை. ஓடை அவர்கள் பெயரில் பட்டாவாகவா இருந்தது?

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 25 மெகாவாட் என்ற எல்லைக்கோடு. நம் நாட்டில் 25 மெகாவாட் வரைக்கும் சிறு நீர்மின் திட்டம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நீர்மின் திட்டங்களுக்குத்தான் முன்அனுமதி கேட்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் தாக்க மதிப்பீடு தேவையில்லை. மதிப்பீடு இல்லாததால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. கருத்துக்கேட்புக் கூட்டங்கள் எந்த லட்சணத்தில் நடக்கின்றன என்பது தமிழ்நாட்டில் நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மைக்கைப் பிடித்து ஒருவர் தன் எதிர்ப்பைப் பதிவு செய்ய அது ஓர் இடம். சிறு திட்டத்தில் ஊருக்குச் சேதி வருவதே பல சமயம் ஜேசிபி வந்த பிறகுதான். அதன் பின் சாலை மறியலைத் தவிர வேறு எந்த மேடை மிச்சமிருக்கிறது?

எல்லைக்கோடு இருந்தால் அதை ஒட்டிக் கடை போடுகிறவர்களும் இருப்பார்கள். கர்நாடகத்தின் நேத்ராவதி ஆற்றில் பெர்லா, ஷம்பூரி என்று தலா 24.75 மெகாவாட்டில் இரண்டு திட்டங்கள் வந்தன. ஒரே திட்டத்தைக் காகிதத்தில் இரண்டாக வெட்டியதாக ஆற்றுச் செயல்பாட்டாளர்கள் குற்றம் சாட்டினார்கள். கால் மெகாவாட் குறைவில் ஒரு சட்டமே தூரப் போய்விடுகிறது என்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிட வியப்புத்தான் வந்தது.

குறைந்தபட்ச நீரோட்டம் பற்றி விதி இல்லாமல் இல்லை. நீர் குறைந்த பருவத்து நீரோட்டத்தில் 15 விழுக்காடு ஓடையில் விடப்பட வேண்டும் என்பது இமாச்சலத்தின் கொள்கை. நீர் குறைந்த பருவத்தின் சராசரியில் 15 முதல் 20 விழுக்காடாவது எல்லா ஆறுகளிலும் ஓட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் உத்தரவிட்டது. நங்கநல்லூர்க்காரரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். மதகு யார் கையில், மீட்டர் யார் கையில், இரவு இரண்டு மணிக்கு மலையேறிப் போய்ப் பார்ப்பது யார் என்று வரிசையாகக் கேட்டார். கேட்டது எதிர்த்தரப்பில் இருந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் சோலையாறு மின்நிலையத்திலிருந்து வெளிவரும் நீரைக் கொண்டு ஆனக்கயத்தில் 7.5 மெகாவாட் எடுக்கும் திட்டம் இன்னொரு வகை. அங்கே சிக்கல் ஓடை வறள்வது மட்டுமல்ல. காட்டுக்குள் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைய வேண்டும், 2018 பெருமழையில் அந்தப் பகுதியில் மலை சரிந்ததைக் காடர் மக்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். வாழச்சால் காடர் குடிகளுக்கு 2014இல் சமூக வன உரிமை கிடைத்திருந்ததால், எங்கள் கிராம சபையைக் கேட்காமல் எப்படி மரம் வெட்டுவீர்கள் என்று சட்டத்தின் மொழியிலேயே அவர்களால் கேட்க முடிந்தது. உயர் நீதிமன்றம் 2021இல் பணிகளை நிறுத்திவைத்தது. வன உரிமைச் சட்டத்துக்குள் வராத மலையூர்களிடம் அந்தப் பிடி இல்லை.

பாலத்தின் மேல் ஐந்நூறு நாள்

பால்கன் நாடான போஸ்னியாவின் குருஷ்சிட்சா ஊர்க்காரர்கள் 2017 ஆகஸ்டில் தங்கள் ஆற்றின் மரப்பாலத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். மேலே இரண்டு சிறு நீர்மின் நிலையங்கள் வரவிருந்தன. இயந்திரங்கள் அந்தப் பாலத்தைக் கடந்துதான் போயாக வேண்டும். பெண்கள் முன்னால் நின்றால் போலீஸ் கைவைக்காது என்று நம்பிப் பெண்கள் முன்னால் நின்றார்கள். ஆகஸ்ட் 24 விடியற்காலையில் போலீஸ் வந்து அவர்களை அடித்து இழுத்துப் போட்டது. அதன் பிறகும் அவர்கள் போகவில்லை. பனிக்காலம் உட்பட ஐந்நூறு நாளுக்கு மேல் இரவும் பகலும் முறைவைத்துப் பாலத்தைக் காத்தார்கள். அனுமதிகளை நீதிமன்றம் ரத்து செய்தது. முன்னின்றவர்களில் ஒருவரான மைதா பிலாலுக்கு 2021இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 2022இல் போஸ்னிய-ஹெர்செகோவினக் கூட்டமைப்பின் நாடாளுமன்றம் புதிய சிறு நீர்மின் நிலையங்களுக்கே தடை விதித்தது.

அந்த ஆறு குருஷ்சிட்சாவுக்கு மட்டும் தண்ணீர் தருவதில்லை. கீழே இருக்கும் விதெஸ், செனித்சா ஆகிய நகரங்களுக்கும் குடிநீர் அதிலிருந்துதான் போகிறது. பாலத்தில் உட்கார்ந்ததோ மேலே இருந்த கிராமம். நகரம் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. சென்னையில் இருந்துகொண்டு கேட்பதில் கொஞ்சம் கூச்சமும் இருக்கிறது.

ஏனென்றால் அடுத்த ஊரின் தண்ணீரைத் திருப்பிவிடும் வேலையில் நாமும் தேர்ந்தவர்கள்தாம். வீராணத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டிருக்கிறோம். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டருடன் வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தபோது, நம் தொலைக்காட்சிகள் அதை மாலை போட்டு வரவேற்றன; தங்களுக்கே பற்றாக்குறை இருக்கும்போது இங்கிருந்து ஏன் எடுக்கிறீர்கள் என்று அந்தப் பக்கத்தில் எழுந்த குரல் இங்கே ஒரு துணுக்குச் செய்திக்கு மேல் வளரவில்லை. மலையோடைக்காரர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளச் சென்னைக்காரருக்கு இமயமலைக்குப் போக வேண்டிய தேவையில்லை என்று நினைக்கிறேன்.

டர்பைன் மீது யாருக்கும் பகையில்லை

பொறியாளரின் கேள்விக்கு மிகவும் நேரான பதில் இலங்கையில் இருக்கிறது. அங்கே 1990களிலிருந்து சப்ரகமுவ, மத்திய மாகாண மலைகளில் நூற்றுக்கணக்கான கிராமிய நீர்மின் நிலையங்கள் வந்தன. சில கிலோவாட் முதல் சில பத்துக் கிலோவாட் வரைதான் திறன். வீட்டுக்குச் சில விளக்குகளும் ஒரு தொலைக்காட்சியும் ஓடும். ஊரார் மின் நுகர்வோர் சங்கம் அமைத்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், பணமும் உழைப்பும் போட்டார்கள், மாதச் சந்தா கட்டினார்கள். பிறகு அரசின் மின்கம்பி வந்தபோது அவற்றில் பல கைவிடப்பட்டன, அது தனிக் கதை. அதே நாட்டில், சிங்கராஜ வனத்தை ஒட்டிய ஓடைகளில் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் வந்தபோது ஊர்கள் எதிர்த்து நின்றன. இரண்டிலும் தொழில்நுட்பம் ஒன்றுதான்; மதகைத் திறக்கும் மூடும் கை வேறு.

பாலக்காட்டில் மீன்வல்லம் இருக்கிறது. மூன்று மெகாவாட், மாவட்டப் பஞ்சாயத்தின் சொந்த நிறுவனம் கட்டி 2014இல் ஓட்டத் தொடங்கியது, மின்சாரத்தைக் கேரள மின்வாரியத்துக்கு விற்கிறது. தமிழ்நாட்டிலும் ஆழியாறு, அமராவதி, வைகை அணைகளின் அடியில் சில மெகாவாட் அளவில் நிலையங்கள் இருக்கின்றன. பாசனத்துக்காக எப்படியும் திறந்துவிடும் தண்ணீர் போகிற வழியில் டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகிறது. எந்த ஓடையும் வழி மாறவில்லை. அவற்றின் முன்னால் யாராவது உட்கார்ந்து கோஷமிட்டதாக நான் கேட்டதில்லை. இதை எடுத்துக் கொடுத்தவரும் அந்தப் பொறியாளர்தான். தன் வாதத்துக்கு வலுச் சேர்ப்பதாக நினைத்துச் சொன்னார், எனக்கோ அது ஊர்க்காரர்களின் வாதத்துக்கே வலுச் சேர்த்தது.

நாட்டில் சிறு நீர்மின்சாரத்துக்கு 7,133 இடங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன, மொத்தம் 21,133 மெகாவாட் என்பது அரசின் கணக்கு. வகுத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்கு மூன்று மெகாவாட்டுக்கும் குறைவு. இதுவரை நிறுவப்பட்டது ஐயாயிரம் மெகாவாட்டைச் சற்றுத் தாண்டுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைகள் மட்டுமே பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஐந்து மெகாவாட் நிலையம் ஓர் ஆண்டில் தரும் யூனிட்டுகளை, என் கணக்கில், இன்றைய பெரிய காற்றாலைகள் இரண்டு கிட்டத்தட்டத் தந்துவிடும். காற்றுக்கும் அதன் பிரச்சினைகள் உண்டு, மாலை ஆறு மணிக்குச் சொன்னபடி அது வீசாது. நீர்மின்சாரத்தின் அருமை அந்த நேரத்தில்தான் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மாலை நேரத்துக்குக் கைகொடுப்பவை தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் நிலையங்கள். தேக்கமே இல்லாத ஓடை நிலையம், ஓடையில் தண்ணீர் வரும்போதுதான் ஓடும். கோடை மாலையில், நம் ஏசிகள் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில், அதனிடம் கொடுக்கப் பெரிதாக எதுவும் இருக்காது.

ஆகவே நான் அவரிடம் வைத்த கோரிக்கை பெரியதல்ல. 25 மெகாவாட் என்ற விலக்கை எடுத்துவிட்டு, வறளப்போகும் தூரத்தையும் எடுக்கப்போகும் பங்கையும் வைத்து மதிப்பீடு நடக்கட்டும். ஒரே ஆற்றில் ஏழு திட்டங்கள் வந்தால் ஏழையும் சேர்த்துப் பார்க்கட்டும். கிராம சபை ஒப்புக்கொண்டால் கட்டட்டும், மதகின் நீரளவு ஊர்ச் சாவடியிலேயே தெரியும்படி இருக்கட்டும்.

"அப்படின்னா ஒண்ணுகூடக் கட்ட முடியாது" என்றார்.

மீன்வல்லம் கட்டினார்களே என்றேன்.

"சார், அது மூணு மெகாவாட். ரொம்பச் சின்னது."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. பத்தில் மூன்று பங்குத் தண்ணீரை ஓடையிலேயே விட்டால் யூனிட்டின் விலை ஏறும், அந்த விலையை யார் கட்டுவது என்று கேட்டார். பயன்படுத்துகிறவர்கள் கட்டட்டும், நாம்தான் கட்ட வேண்டும் என்றேன். 2022 செப்டம்பரில் அடுக்ககங்களின் பொது இணைப்புக்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஆனபோது உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் என்ன பேசினீர்கள் என்றார். இரவில் ஒரு லிஃப்டை நிறுத்திவிடலாமா என்று இரண்டு மணி நேரம் பேசினோம். "அதே கூட்டத்தில், பேர் தெரியாத ஓர் ஓடைக்காக யூனிட்டுக்கு இருபது காசு கூடக் கொடுக்கத் தயார்னு ஒரு தீர்மானம் கொண்டு வாங்க. அது நிறைவேறினா, மயிலாப்பூர்ல கேட்ட கேள்வியை நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

தீர்மானத்தை எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி கழுவும் செலவுக்கும் காவலாளியின் சம்பள உயர்வுக்கும் பிறகு, ஏழாவது பொருளாக வைத்திருக்கிறார். நேரம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று பென்சிலில் பக்கத்திலேயே குறித்திருக்கிறார்.